ளாத்: நாவின் விளிம்பில் பிறக்கும் எழுத்து



நபித்தோழர் ஒருவரின் பெயரை எழுதும்போதெல்லாம் அதனையடுத்து அடைப்புக்குறிக்குள் ஒரு சிறு சுருக்கத்தை இடுகிறோம். தமிழ்நாட்டு இதழ்கள் பலவற்றில் அது (ரலி) என்று இருக்கும். சில நூல்களில் (ரளி) என்றும், இலங்கை வெளியீடுகளில் (ரழி) என்றும் காணலாம். மூன்றும் ஒரே துஆவின் சுருக்கமே. அரபியில் அச்சொல்லின் நடுவே நிற்கும் எழுத்து ஒன்றுதான். தமிழில்தான் அது ல, ள, ழ என்று மூன்று உருவம் கொள்கிறது. ரமலான், ரமளான், ரமழான் என்று நாம் மூன்று விதமாக எழுதுவதும் இதே எழுத்தினால்தான். அரபு நெடுங்கணக்கில் பதினைந்தாவதாக, ஸாதின் தலைமேல் ஒரு புள்ளி இட்டு எழுதப்படும் அவ்வெழுத்தை நம் பகுதி மக்தபுகளில் ளாத் என்று கற்பிக்கிறார்கள். உருது பேசுவோர் ஜுவாத் என்பார்கள். இன்று ஒலிநாடாக்களிலும் கைப்பேசியிலும் நாம் கேட்கும் எகிப்தியக் காரிகளின் ஓதலில் அது கனத்த 'தாத்' ஆக ஒலிக்கிறது.

செண்பகனூரில் வசிக்கும் ஒரு குடும்பத்திலிருந்து வந்த கேள்வியே இதை எழுதத் தூண்டியது. கீழ்நாட்டு மதரஸா ஒன்றில் ஓதும் பிள்ளை விடுமுறைக்கு மலைக்கு வந்திருக்கிறான். நன்னி தொழும்போது ஃபாத்திஹாவின் இறுதிச் சொல்லை 'ளால்லீன்' என்று ஓதக் கேட்டு, அது 'தால்லீன்' என்றே ஓதப்பட வேண்டும், இல்லையெனில் தொழுகை கூடாது என்று சொல்லிவிட்டான். அந்த மூதாட்டி வாதிடவில்லை. ஐம்பது ஆண்டுகளாகத் தாம் தொழுத தொழுகையெல்லாம் என்னவாயிற்று என்று மட்டும் கேட்டாராம். ஃபாத்திஹாவின் கடைசி வசனத்தில் ளாத் இரண்டு இடங்களில் வருகிறது. நாளொன்றுக்கு 17 ரக்அத் பர்ளு என்றால், தனித்துத் தொழுபவர் குறைந்தது 34 முறை இவ்வெழுத்தை மொழிந்தாக வேண்டும். எனவே அவரது கேள்வி சிறியதன்று. அதற்கு விடை தேட, பண்டைய அரபு அகராதி ஆசிரியர்களிடமிருந்து தொடங்குவதே முறை.

அரபு மொழியின் முதல் பேரகராதியைத் திட்டமிட்டவர் ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) அவர்கள். அலிஃப், பா, தா என்ற வழக்கமான வரிசையை அவர்கள் ஏற்கவில்லை. எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்பதே வரிசைக்கு அடிப்படையாக இருக்க வேண்டும் என்று கருதினார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஓர் 'அ' வைத்து, 'அப்', 'அத்' என்று சொல்லிச் சொல்லிச் சுவைத்துப் பார்த்தார்கள். தொண்டையின் ஆழத்திலிருந்து உதடுகள் வரை எழுத்துக்களை அடுக்கி, ஐன் என்னும் எழுத்தை முதலில் வைத்தார்கள். அதனால்தான் அந்நூலுக்குக் 'கிதாபுல் ஐன்' என்று பெயர். அந்த வரிசையில் ளாத் பத்தாவது எழுத்து. ஜீம், ஷீன் ஆகிய இரண்டையும் அடுத்து, அவற்றின் குழுவிலேயே அது வைக்கப்பட்டிருக்கிறது. தால், தா ஆகியவற்றின் குழு இதற்கும் அப்பால், ஸாத், ஸீன், ஸே ஆகிய மூன்றையும் கடந்து தனியே நிற்கிறது. அதாவது, இன்று பலர் நினைப்பதுபோல் ளாத் என்பது 'கனத்த தால்' என்று கலீல் (ரஹ்) அவர்கள் கருதவில்லை.

பின்னர் வந்த ஜவ்ஹரீ அவர்களின் 'ஸிஹாஹ்' அகராதி வேறொரு முறையைக் கைக்கொண்டது. வேர்ச்சொல்லின் கடைசி எழுத்தைக் கொண்டு அத்தியாயம் பிரித்தது. ஹிஜ்ரி 711இல் (கி.பி. 1311) மறைந்த இப்னு மன்ளூர் (ரஹ்) அவர்களின் 'லிஸானுல் அரப்' பேரகராதியும் அதே வழியில் அமைந்தது. (மன்ளூர் என்னும் பெயரில் இருப்பது ளாத் அன்று, பதினேழாம் எழுத்தாகிய ழா. தமிழில் இரண்டையும் ஒன்றாகவே எழுதிவிடுகிறோம். இதைப் பின்னர் பார்ப்போம்.) இம்முறையில் ளாத் அத்தியாயத்தைத் திறந்தால் நாம் அன்றாடம் கேட்கும் சொற்கள் பல ஒரே கூரையின் கீழ் இருக்கக் காண்போம். பூமியைக் குறிக்கும் அர்ள், கடமையாகிய பர்ள், நோயாகிய மரள், கடனாகிய கர்ள், வெண்மையாகிய பயாள், தோட்டமாகிய ரவ்ளா ஆகியவை அங்கே இருக்கின்றன. கடும் வெயிலில் கல்லும் மணலும் கொதிப்பதைக் குறிக்கும் ரமள் என்ற வேரும் அங்கேதான் இருக்கிறது. ரமலான் மாதத்தின் பெயருக்கு அதுவே வேர்.

அரபு மொழிக்கே 'ளாதின் மொழி' என்று ஒரு பட்டம் உண்டு. ஹிஜ்ரி 354இல் (கி.பி. 965) மறைந்த கவிஞர் முதனப்பீயின் காலத்திலேயே 'ளாதை மொழிவோர்' என்றால் அரபியர் என்று பொருள் கொள்ளும் வழக்கு இருந்தது. இந்தப் பெருமையைச் சொல்லும்போது, ளாதை மொழிவோரில் தாமே சொல்வன்மை மிக்கவர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக ஒரு செய்தியை மிம்பர்களில் எடுத்துக் கூறுவதுண்டு. அதன் கருத்து சரியானதே. ஆயினும் அறிவிப்பு என்ற வகையில் அதற்கு அடிப்படை இல்லை என்று ஹதீஸ் கலை வல்லுநர் இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் தெளிவுபடுத்தியுள்ளார்கள். ளாதின் சிறப்பை நிலைநாட்ட அச்செய்தி தேவையுமில்லை.

அந்தச் சிறப்பு எதில் இருக்கிறது? கலீல் (ரஹ்) அவர்களின் மாணவர் ஸீபவைஹி அவர்கள் பாரசீக வம்சாவளியினர். ஹிஜ்ரி 180 வாக்கில் மறைந்தவர். அரபு இலக்கணத்தின் தாய்நூலை எழுதிய அவர், ளாத் நாவின் விளிம்பின் தொடக்கத்திற்கும் அதனையடுத்த கடைவாய்ப் பற்களுக்கும் இடையிலிருந்து பிறக்கிறது என்கிறார். நாவின் நுனி இங்கே தலைமை வகிப்பதில்லை. பக்கவாட்டு விளிம்பு கடைவாய்ப் பற்களை ஒட்டி நிற்க, காற்று அந்தப் பக்கமாக உரசிக்கொண்டு வெளியேற வேண்டும். நாவின் பின்பகுதி மேலண்ணத்தை நோக்கி எழும்பிக் குரலுக்குக் கனம் தர வேண்டும். இக்கனம் இல்லையென்றால் ஸாத் ஸீனாகிவிடும், கனத்த தா தாலாகிவிடும், ழா தாலின் புள்ளியிட்ட தம்பியாகிவிடும். ளாத் மட்டும் பேச்சிலிருந்தே மறைந்துபோகும், ஏனெனில் அந்த இடத்திலிருந்து பிறக்கும் வேறு எழுத்தே இல்லை என்றும் ஸீபவைஹி எழுதுகிறார்.

தஜ்வீத் கலையினர் இதற்கு மேலும் இரண்டு இயல்புகளைச் சொல்கிறார்கள். ஒன்று ரகாவத்: ஒலி தடைபட்டு வெடிக்காமல் தொடர்ந்து ஓடுதல். மற்றொன்று இஸ்திதாலத்: ஒலி நாவின் விளிம்பு நெடுக நீண்டு, லாமின் பிறப்பிடம் வரை சென்று சேர்தல். இந்த இரண்டாவது இயல்பு ளாதுக்கு மட்டுமே உரியது. வாசகர்கள் இதைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். 'அத்' என்று சொல்லி நிறுத்துங்கள். காற்று அடைபட்டுவிடும், நீட்ட இயலாது. 'அள்' என்று சொல்லி நிறுத்துங்கள், மூச்சுள்ளவரை நீட்டலாம். இந்த ஒரு வகையில், மதரஸாப் பிள்ளை திருத்திச் சொன்ன 'தாத்', நன்னியின் 'ளாத்' என்ற இரண்டில் பண்டைய நூல்களின் வருணனைக்கு அருகில் நிற்பது எது என்பதை ஒவ்வொருவரும் தம் நாவைக் கொண்டே அறியலாம்.

இத்தனை நுட்பமான ஒலி எளிதில் நிலைக்கவில்லை. ஸீபவைஹியின் காலத்திலேயே 'பலவீனமான ளாத்' என்றொரு குறைப்பட்ட உச்சரிப்பு இருந்ததை அவரே குறிப்பிடுகிறார். அரபியரின் நாவிலேயே ளாதும் ழாவும் கலக்கத் தொடங்கின. ளல்ல என்றால் வழி தவறினான். ழல்ல என்றால் ஒரு நிலையில் நீடித்தான். ஹள்ள என்றால் தூண்டினான். ஹழ்ழு என்றால் பங்கு, பேறு. காதுக்கு வேறுபாடு தெரியாமற்போனபோது எழுத்தர்கள் தடுமாறினார்கள். இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவதற்கென்றே அகராதிக் கலையில் ஒரு தனி நூல் வகை பிறந்தது. ஹிஜ்ரி 385இல் மறைந்த அமைச்சரும் அறிஞருமான ஸாஹிப் இப்னு அப்பாத் இப்பொருளில் ஒரு நூல் செய்தார். 'மகாமாத்' ஆசிரியர் ஹரீரீ ஒரு தந்திரம் கண்டார். ழா வரும் சொற்கள் குறைவு என்பதால் அவற்றை மட்டும் செய்யுளாகக் கோத்துத் தந்தார். அவற்றை மனனம் செய்துகொண்டால் மற்றவை ளாத் என்று கொள்ளலாம்.

இந்த இரு எழுத்துகளும் அருகருகே நிற்கும் இடமொன்று குர்ஆனின் காரிகளிடையே புகழ்பெற்றது. தக்வீர் அத்தியாயத்தின் 24ஆம் வசனத்தில் ஒரு சொல்லை ஆஸிம், நாஃபிஉ, ஹம்ஸா, இப்னு ஆமிர் ஆகியோர் ளாத் கொண்டு ளனீன் என்று ஓதினார்கள். அதன் பொருள் கஞ்சத்தனம் செய்பவர். மக்காவின் இப்னு கஸீர், அபூ அம்ர், கிஸாயீ ஆகியோர் ழா கொண்டு ழனீன் என்று ஓதினார்கள். அதன் பொருள் ஐயத்திற்கு இடமானவர். நபி (ஸல்) அவர்கள் மறைச்செய்தியை அறிவிப்பதில் கஞ்சத்தனம் செய்பவரும் அல்லர், ஐயத்திற்கு இடமானவரும் அல்லர் என்று இரு ஓதல்களும் இரு பொருளைத் தருகின்றன. இரண்டும் முதவாதிராக வந்தவை. இது உச்சரிப்புக் குழப்பத்தால் நேர்ந்தது என்று எண்ணிவிடலாகாது. இரண்டையும் பிரித்து மொழிய அறிந்தவர்களே இரண்டையும் நமக்கு அறிவித்தார்கள்.

ஹிஜ்ரி 833இல் (கி.பி. 1429) மறைந்த இமாம் இப்னுல் ஜஸரீ (ரஹ்) அவர்கள், நாவுக்கு ளாதைப்போல் கடினமான எழுத்து வேறில்லை என்று 'அந்நஷ்ர்' நூலில் எழுதியிருக்கிறார்கள். தம் காலத்து மக்களில் சிலர் அதை ழாவாக மொழிகிறார்கள், சிலர் கனத்த லாமாக மொழிகிறார்கள் என்று வகைப்படுத்தி, இவற்றில் எதுவும் ஓதலில் கூடாது என்றும் தீர்ப்பளிக்கிறார்கள். கனத்த லாம் என்ற குறிப்பை நாம் கவனிக்க வேண்டும். நம் ளகரத்தின் உறவினர் அன்றைய அரபுலகிலும் இருந்திருக்கிறார். இன்றோ இராக்கிலும் வளைகுடா நாடுகளிலும் அன்றாடப் பேச்சில் ளாத் ழாவோடு கலந்துவிட்டது. எகிப்து, சிரியா நகரங்களில் அது கனத்த தாலாகிவிட்டது. பண்டைய பக்கவாட்டு ஒலியின் இன அடையாளங்களை ஏமன், ஓமன் எல்லையில் வாழும் மஹ்ரா மக்களின் மொழியிலும் ஸுகுத்ரா தீவின் மொழியிலும் இன்றும் கேட்கலாம்.

ளாத் ஒரு காலத்தில் லகரச் சாயலோடு ஒலித்தது என்பதற்கு அகராதிகளைத் தவிர வேறு சான்று உண்டா? உண்டு. அரபியரோடு பழகிய பிறர் கடன் வாங்கிய சொற்களே அச்சான்று. ஸ்பெயின் மக்கள் அல்காளீ என்னும் நீதிபதியை 'அல்கால்தே' என்று தம் மொழியில் ஏற்றார்கள். அந்நாட்டில் நகரத் தலைவருக்கு இன்றும் அதுவே பெயர். வெண்மை என்று பொருள்படும் அல்பயாள் அங்கே ஈய வெள்ளையைக் குறிக்கும் 'அல்பயால்தே' ஆயிற்று. இரண்டிலும் நடுவே ஒரு லகரம் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் ஹௌஸா மொழியில் நீதிபதி 'அல்காலி'. மலாய் மொழியில் பர்ளு என்பது 'பெர்லு' ஆகி, 'தேவை' என்ற பொருளில் அன்றாட வழக்காகிவிட்டது. ரிளா என்பது 'ரெலா' ஆயிற்று. ஸ்பெயினுக்கும் மலாய்க் கரைக்கும் இடையே எத்தனை கடல்கள்! ஒருவரையொருவர் பார்த்து எழுதிக்கொண்டிருக்க முடியாது.

இனி நம் தமிழுக்கு வருவோம். தமிழுக்குள் ளாத் இரு வாசல்கள் வழியே நுழைந்தது. ஒன்று, பாரசீகம் பேசிய அரசாங்கக் கச்சேரிகளின் வாசல். பாரசீகத்திலும் உருதுவிலும் ளாத் ஸகரத்தின் அதிர்வோடு ஒலிப்பதால், தமிழில் அது ஜகரமாயிற்று. நீதிமன்றத்தில் ஆஜராகிறோம், அது ஹாளிர். பிணைக்கு ஜாமீன் தருகிறோம், அது ளாமின். சொத்தை ஜப்தி செய்கிறார்கள், அது ளப்த். வழக்கில் ராஜியாகிறோம், அது ராளீ. வேலைக்கு ரஜா போடுகிறோம், அது ரிளா. விலா எலும்பு, பக்கம் என்று பொருள்படும் ளில்உ என்பதே ஜில்லா ஆயிற்று. 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை கொடைக்கானலும் செண்பகனூரும் மதுரை ஜில்லாவில் இருந்தன என்று பெரியவர்கள் சொல்லும்போது, அவர்கள் எச்சமயத்தவராயினும் ஒரு ளாதை மொழிந்துவிடுகிறார்கள்.

மற்றொன்று கடல் வாசல். அரபு வணிகர்களும் மார்க்க அறிஞர்களும் வந்திறங்கிய காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கரையோர ஊர்களின் வழி அது. அவ்வழியே வந்த வணக்கச் சொற்களில் ளாத் ளகரமாகவே நிற்கிறது. பர்ளு, உளு, ளுஹாத் தொழுகை எல்லாம் அவ்வகையின. அண்டையிலுள்ள மலையாளத்திலும் ரமளான், காளி என்றே வழங்குகிறார்கள். இரு வாசல்களும் ஒரே வாக்கியத்தில் சந்திப்பதும் உண்டு. 'ஹஜ்ரத் அவர்கள் உளுச் செய்து பர்ளு தொழுதார்கள்' என்று சொல்கிறோம். மூன்று சொற்களிலும் அரபியில் ஒரே எழுத்துதான். ஹஜ்ரத் தரைவழி வந்தவர், உளுவும் பர்ளும் கடல்வழி வந்தவை!

ஏன் ளகரம்? தொல்காப்பியத்தின் பிறப்பியல், லகர ளகரங்கள் நாவின் விளிம்பு தடித்து மேல்வாய்ப் பல்லின் அடியைப் பொருந்த, அண்ணத்தை ஒற்றியும் வருடியும் பிறப்பன என்று விளக்குகிறது. தமிழ் இலக்கணியும் பஸ்ராவின் இலக்கணியும் ஒருவரையொருவர் அறியாமலே 'நாவின் விளிம்பு' என்ற ஒரே உறுப்பைச் சுட்டியிருக்கிறார்கள். ஸீபவைஹியின் விளிம்பு கடைவாய்ப் பல்லைச் சேர்கிறது, நம் விளிம்பு முன்பல்லின் அடியைச் சேர்கிறது, வேறுபாடு அவ்வளவே. விளிம்பில் பிறக்கும் அயல் ஒலியைக் கேட்ட தமிழ்ச் செவி, தன்னிடமுள்ள விளிம்பு எழுத்தையே அதற்குத் தந்தது. இதை அறியாமை என்று சொல்வது நியாயமாகாது.

அரபுத்தமிழ் எழுத்து முறையை அமைத்த நம் முன்னோர் இன்னும் ஒரு சான்றை விட்டுச் சென்றிருக்கிறார்கள். தமிழின் ளகரத்துக்கு அவர்கள் லாமின் மேல் புள்ளிகள் இட்டார்கள். ழகரத்துக்கு ளாதைத் தேர்ந்து, அதன் அடியில் ஒரு புள்ளி வைத்தார்கள். கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் (1816-1898) 'ஃபத்ஹுத் தய்யான்' போன்ற நூல்கள் அந்த எழுத்து மரபைச் சேர்ந்தவை. ஆக, அவர்கள் காதில் ளாத் ழகரத்துக்கு நெருங்கியதாக ஒலித்திருக்கிறது. தென்மாவட்டங்களில் ழகரமே பேச்சில் ளகரமாகிவிடுவதால் ரமழான், ரமளான் என்ற சண்டைக்கும் பொருளில்லை. செண்பகனூர் மக்கள் தாம் வாழும் மலைத்தொடரின் பெயரைச் சொல்லும்போது கவனித்துப் பார்க்கட்டும். எழுதுவது பழனி, பலர் வாயில் வருவது பளனி, ஆங்கிலேயர் தம் ஏடுகளில் பதிந்தது பல்னி, புல்னி. தன் மொழியில் இல்லாத எழுத்தைச் சந்திக்கும் எந்தச் சமுதாயமும் செய்வது இதுதான்.

ஆனால் நம் உச்சரிப்பே பண்டைய அரபியரின் அசல் உச்சரிப்பு என்று மார்தட்டிக்கொள்ளவும் இடமில்லை. முதலாவதாக, நம் ளகரத்தில் நாவின் பின்பகுதி எழும்புவதில்லை. ளாதுக்குரிய கனம் அதில் இல்லை. இரண்டாவதாக, நாம் ழாவையும் அதே ளகரமாக்கிவிட்டோம். நண்பகல் தொழுகை ழுஹ்ர். முற்பகல் தொழுகை ளுஹா. அரபியில் இரண்டும் வெவ்வேறு எழுத்துகள். நம்மவர்கள் லுஹர் என்றும் லுஹா என்றும் ஒரே எழுத்தால் சொல்கிறார்கள். மலாய் மக்களும் நண்பகல் தொழுகையை 'லோஹோர்' என்கிறார்கள். எனவே நம்மிடம் எஞ்சியிருப்பது ளாதின் பாதி. அதன் விளிம்பும் ஓட்டமும் மட்டுமே. எகிப்தியக் காரியிடம் இருப்பது மறுபாதி, அதன் கனம். இது என் கணிப்பு.

தொழுகை பற்றிய கேள்விக்கு வருவோம். ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில், ளாதுக்குப் பதிலாக ழாவை மொழிந்தால் அந்த ஓதல் செல்லாது என்பதே மிகச் சரியான கருத்து என்கிறார்கள். மதரஸாப் பிள்ளைக்குக் கிடைத்த சட்டம் இதிலிருந்து வந்திருக்கலாம். ஆனால் இது சரியாக மொழிய ஆற்றலுள்ளவரைப் பற்றியது. முயன்றும் நாவுக்கு வராதவரின் சொந்தத் தொழுகை நிறைவேறும் என்பது அம்மத்ஹபின் நிலையே. ஹனஃபீ அறிஞர்களில் பெரும்பாலோர், பிரித்தறியக் கடினமான எழுத்துகள் ஒன்றுக்கொன்று மாறினால் தொழுகை முறியாது என்றார்கள். ளாதும் ழாவும் அவற்றுக்கு அவர்கள் காட்டும் முதன்மையான எடுத்துக்காட்டு. இரு எழுத்துகளின் பிறப்பிடங்களும் நெருக்கமாக இருப்பதால் இக்குறை மன்னிக்கப்படும் என்று இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அவர்களும் தம் தஃப்ஸீரில் எழுதியுள்ளார்கள்.

இவை அனைத்திலும் என் உள்ளத்தைக் கவர்ந்தது, ஹிஜ்ரி 606இல் (கி.பி. 1210) மறைந்த இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ (ரஹ்) அவர்களின் வாதம். அவர்களும் அரபியரல்லாத ரய் நகரத்தில் பிறந்தவர்கள். நபி (ஸல்) அவர்கள் காலத்திலும் தோழர்கள் காலத்திலும் அரபியரல்லாதோர் இஸ்லாத்திற்குள் வந்தார்கள். ளாதையும் ழாவையும் பிரித்து மொழிவது தொழுகைக்கு நிபந்தனையாக இருந்திருந்தால், அவர்களிடம் அதைப் பற்றி விசாரித்திருப்பார்கள். விசாரித்த செய்தி நமக்கு வந்திருக்கும். அப்படி எதுவும் வரவில்லை. ஆகவே அவ்வேறுபாடு மக்கள்மீது சுமத்தப்பட்ட கடமையன்று என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள்.

எனவே அந்த நன்னி தொழுத தொழுகைகளை மீண்டும் தொழ வேண்டியதில்லை. பிள்ளை தன் உஸ்தாதிடமிருந்து செவிவழி பெற்ற ஓதலை விட்டுவிடவும் வேண்டியதில்லை. ஓதல் அகராதியைப் பார்த்துக் கற்பதன்று, ஆசிரியரின் வாயைப் பார்த்துக் கற்பது. இமாமத் செய்யப்போகிற பிள்ளைக்கு உழைப்புக் கூடுதலாக வேண்டும். அவன் அடுத்த பாடத்தில் உஸ்தாதிடம் ஒன்றைக் கேட்டுப் பயிலலாம். நாவின் ஒரு பக்க விளிம்பை மேல் கடைவாய்ப் பற்களில் சேர்த்து, நாவின் பின்புறத்தை உயர்த்தி, காற்றை அடைக்காமல் 'அள்' என்று கனத்து நீட்டிப் பழக வேண்டும். வலப்பக்கம், இடப்பக்கம் எதுவாயினும் சரியே. பெரும்பாலோர்க்கு இடப்பக்கமே எளிது என்பது காரிகளின் அனுபவம்.